வேண்டாம் என்று சொல்லப் பழக்கிய பிள்ளை

மகள் பஸ்ஸில் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன். வேலை முடிந்து, அஜின்கோர்ட்டில் அவளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு, டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்துக்கு வர ஒரு பஸ் எடுக்க வேண்டும். பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்ததும் அவள் என் பையைத் திறப்பாள். மத்தியானம் நான் சாப்பிட்டு மிச்சம் வைத்த இடியப்பம், காய்ந்துபோன ரொட்டித் துண்டு, சம்பல் ஒட்டிய பாண், எது இருந்தாலும் போதும். கைவிரல்களை நக்கிவிட்டு டப்பாவின் மூடியையும் ஒருமுறை பார்ப்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். விட்பியில் இருக்கும் மச்சாள், கணவரின் அக்கா, பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறாள் என்று போனில் கேட்டபோது, "என்ர சமையல் எண்டா அவளுக்கு உயிர் மச்சாள், டேகெயார்ச் சாப்பாடு பிடிக்குதில்லைப் போல" என்று சொன்னேன். சொல்லும்போது என் குரலில் இருந்த சந்தோஷம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

அவளைப் பார்த்துக்கொள்பவர் ஒரு கொரியப் பெண். நாற்பது வயதைத் தாண்டியவர். தன் டவுன்ஹவுஸின் கீழ்த்தளத்தில் ஐந்து பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறார். வேறு எந்த இடத்திலும் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதால்தான் அங்கே போனோம். போன பிறகு எனக்கு அந்த வீடு பிடித்துவிட்டது. வாசலில் சப்பாத்துகள் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். உள்ளே யாரும் கத்துவதில்லை. பிள்ளைகள் அவரை இமோ என்று கூப்பிடுவார்கள். அம்மாவின் சகோதரி என்று அர்த்தம். நாங்கள் எல்லாரையும் அன்ரி என்பது போலத்தான். அவருடைய ஆங்கிலம் சிறியது, என்னுடையது பயந்தது. இருவரும் வாசலில் நின்று தலையசைத்துத்தான் அதிகம் பேசியிருக்கிறோம்.

ஒரு மாலை நான் குனிந்து மகளுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"உங்கள் பிள்ளைக்கு வயிறு சின்னதா?"

எனக்கு விளங்கவில்லை.

"முதலில் நான் வைக்கிற சோற்றைச் சாப்பிடுவாள். ஒரு கரண்டி. பிறகு இன்னும் வேண்டுமா என்று கேட்பேன். நோ தாங்யூ என்பாள். பழம் வேண்டுமா, நோ தாங்யூ. பால், நோ தாங்யூ. மிகவும் மரியாதையான பிள்ளை. ஆனால் மற்றப் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்."

"நீங்கள் இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கவில்லையா?"

அவருடைய முகம் கொஞ்சம் இறுகியது. நான் குற்றம் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "எங்களுக்கு விதி இருக்கிறது. பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம். வற்புறுத்தக் கூடாது. வகுப்பில் படிப்பித்தார்கள். என் அம்மா என்றால் பிள்ளையின் வாயைத் திறந்து ஊட்டிவிட்டிருப்பார். இங்கே நான் அப்படிச் செய்தால் என் லைசென்ஸ் போய்விடும்."

"இல்லை இல்லை, நீங்கள் செய்தது சரி" என்றேன். மகள் கீழே இருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே வந்து பஸ்ஸில் ஏறியதும் வழக்கம்போல என் பையைத் திறந்தாள். அன்றைக்கு மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்து, மூடி, திரும்ப வைத்தாள். கேட்கவில்லை. என் மகள் ஒன்றையும் கேட்பதில்லை என்பதை அந்த நேரம்தான் முதன்முதலாக உணர்ந்தேன். என் கைச்சமையலின் ருசி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவளுடைய பசி.

கேட்கக் கூடாது என்று பழக்கியது நான்தான்.

அதற்கு முந்திய வருடம் மச்சாளின் புது வீட்டில் ஒரு பிறந்தநாள். பெரிய மேசை நிறைய ரோல்ஸ், பற்றிஸ், கேக். அப்போது மகளுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. அவள் மேசையடியில் நின்று கைக்கு எட்டிய ரோலை எடுத்துச் சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று. மூன்றாவதுக்குக் கையை நீட்டியபோது, எனக்குச் சரியாகத் தெரியாத ஒரு அன்ரி சிரித்துக்கொண்டு, "என்ன பிள்ளை, வீட்டில அம்மா ஒண்டும் தாறேல்லையே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காதடி எரிந்தது.

காரில் திரும்பி வரும்போது கணவர், "அந்த அன்ரி பகிடிக்குச் சொன்னவ. அதை ஏன் தூக்கிக்கொண்டு வாறீர்?" என்றார்.

"பகிடியோ. நாளைக்கு ஊர் முழுக்கக் கதைப்பினம்."

"எந்த ஊர்? விட்பியோ?"

"நீங்கள் உப்பிடித்தான். பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் எண்டு என்னைத்தானே சொல்லுவினம், உங்களை இல்லை."

அடுத்த நாளே நான் பாடத்தைத் தொடங்கினேன். விளையாட்டுக் கோப்பைகளை நிலத்தில் பரப்பி, நான் வீட்டுக்கார அன்ரி, அவள் விருந்தாளி. "சாப்பிடுறீங்களோ பிள்ளை?" என்று நான் கேட்பேன். "வேண்டாம் அன்ரி, இப்பதான் சாப்பிட்டனான்" என்று அவள் சொல்ல வேண்டும். மழலையில் அந்த வசனம் முழுவதும் வராது. வந்த அன்றைக்கு நான் அவளைத் தூக்கிக் கொஞ்சினேன். வெள்ளைக்கார வீடு என்றால், கடை என்றால், "நோ தாங்யூ." அதற்கும் ஒரு முத்தம்.

எங்கள் ஆட்களிடம் அந்த முதல் வேண்டாம் முடிவானதல்ல. வீட்டுக்காரர் திரும்பக் கேட்பார். நாங்கள் திரும்ப மறுப்போம். மூன்றாம் தரம் அவர் கேட்க மாட்டார், கோப்பையைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிடுவார். பிறகுதான் சாப்பிடுவது. எனக்கு அது மூச்சு விடுவது போலப் பழக்கம். மகளுக்கு அதன் முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். மறுபாதி வீட்டுக்காரருடைய வேலை என்றிருந்தேன். வற்புறுத்தத் தடை உள்ள ஒரு வீட்டில் அவளை விடப் போகிறேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நாள் காலை தலை சீவிக்கொண்டே சொன்னேன்.

"குஞ்சு, இமோ சாப்பாடு வேணுமோ எண்டு கேட்டா, ஓம் எண்டு சொல்லோணும்."

"ஏன்?"

"பசிக்குமெல்லே. இன்னும் வேணுமெண்டா நீங்களாவும் கேக்கலாம்."

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "கேக்கிற பிள்ளையள் கூடாத பிள்ளையள்."

"அது மற்றாக்களின்ர வீட்டில."

"இமோ வீடு எங்கட வீடோ?"

பின்னலைக் கட்டி முடித்தேன். மாலையில் விளையாட்டுக் கோப்பைகளை எடுத்து வைத்துப் பாடத்தைத் தலைகீழாக நடத்திப் பார்த்தேன். "சாப்பிடுறீங்களோ பிள்ளை?" என்றதும் அவள் முகம் மலர்ந்து, "வேண்டாம் அன்ரி, இப்பதான் சாப்பிட்டனான்" என்றாள், ஒரு சொல் தவறாமல். பிறகு முத்தத்துக்காகக் கன்னத்தைக் காட்டினாள்.

முத்தம் கொடுக்கவா விடவா என்று தெரியாமல் கொடுத்துவிட்டேன்.

அந்த வீட்டில் மற்றப் பிள்ளைகள் எப்படிக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கூட்டிவரப் போகும்போது கண்டிருக்கிறேன். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி, "ஜூசேயோ" என்பார்கள். தாருங்கள் என்று அர்த்தம். ஒரு கையால் கேட்டால் இமோ தரமாட்டார். கேட்ட பிள்ளைக்குச் சிறு தலையசைப்புடன் கொடுப்பார். அங்கே கேட்பது கூடாத பழக்கமாகத் தெரியவில்லை, நல்ல பழக்கமாகவே தெரிந்தது. கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன், ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். கொரிய மொழியில் யாரும் சொல்லவில்லை. அந்த மொழியில் என்றால் அவள் கேட்கக்கூடும் என்று நினைத்தேன். நான் சொல்லிக் கொடுத்தால் நம்பமாட்டாள். நான் கேட்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும்.

இதைக் கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டை நிறுத்தினார். "பிள்ளை சாப்பிடுறதுக்கு நீர் கொரியன் படிக்கப் போறீரோ?"

"உங்களிட்ட வேற யோசனை இருந்தாச் சொல்லுங்கோ."

"இல்லை இல்லை, படியும். பிறகு எனக்கும் சோறு அந்தப் பாஷையிலதான் வருமோ?"

வேலைக்குப் போகும் ரயிலில் கொரியப் பாடங்களைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுப் படித்தேன். தண்ணீர், முல். சோறு, பப். இது, இகொ. கேட்பதை மெதுவாக்க இடையில் ஒரு 'ஜோம்' போட வேண்டும், கொஞ்சம் என்பது போல. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவரைக் கூப்பிட 'யொகியோ'. இங்கே பாருங்கள் என்று மண்டபத்தின் குறுக்கே குரல் கொடுப்பது அங்கே மரியாதைக் குறைவு அல்ல என்று அந்தப் பாடத்தில் சொன்னார்கள். எனக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. எல்லாவற்றிலும் எனக்கு முதலில் பாடமானது, சொல்லிப் பார்க்காமலே வாயில் ஒட்டிக்கொண்டது, 'குவென்சனாயோ.' பரவாயில்லை, வேண்டாம்.

முதலில் ஒரு சனிக்கிழமை பெரிய கொரிய சுப்பர்மார்க்கெட்டுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். இமோ வீட்டுப் பிள்ளைகள் போல அங்கே கேட்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். சமைத்த பதார்த்தங்களை நிறுத்துக் கொடுக்கும் கவுண்டரில் ஒரு பெண் நின்றார். என் முறை வந்தது. பின்னால் நின்ற வயதான மனிதரிடம், நீங்கள் போங்கள் என்று கை காட்டினேன். அவருக்குப் பிறகு வந்த தாயும் மகளும் போனார்கள். பிறகு கவுண்டர்காரப் பெண்ணே ஆங்கிலத்தில், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றார். நான் ஆங்கிலத்தில், அவித்த கீரையைக் காட்டி, கொஞ்சம் என்றேன்.

"நீங்க இமோ வீட்டில கேக்கிற மாதிரிக் கேக்கேல்ல" என்றாள் மகள்.

"அடுத்ததில கேக்கிறன்."

அடுத்தது இலவசமாக ருசி பார்க்கத் தரும் மேசை. ஒரு பெண் மின்சாரத் தட்டில் கொழுக்கட்டை போன்ற ஒன்றைப் பொரித்து, வெட்டி, பல்லுக்குச்சியில் குத்தி நீட்டிக்கொண்டிருந்தார். இப்படியான மேசைகளைக் கண்டால் நான் அடுத்த வரிசையால் சுற்றிப் போகிறவள். எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வாங்காமல் போவது களவு போல இருக்கும். அன்றைக்குச் சுற்றாமல் நேரே போனேன். அந்தப் பெண் குனிந்து மகளிடம் ஒரு குச்சியை நீட்டினார்.

"நோ தாங்யூ" என்றாள் மகள், அழகாக. கண் மட்டும் குச்சியை விட்டு நகரவில்லை.

அந்தப் பெண் குச்சியைத் திருப்பி வைத்துவிட்டார். பொருள் விற்பவருக்கும் அந்த விதிதான் போல. நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினேன். "இகொ ஜோம் ஜூசேயோ." குரல் ஒரு பிச்சைக்காரியின் குரல் போல என் காதுக்கே கேட்டது. அந்தப் பெண் ஆச்சரியப்பட்டு, சிரித்து, கொரிய மொழியில் நீளமாக ஏதோ சொல்லி இரண்டு குச்சிகளை என் கையில் வைத்தார். ஒன்றை மகளிடம் கொடுத்தேன். அவள் வாங்குவதற்கு முன் என்னைப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். நல்ல விஷயம்தான். ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் முன்னால் நின்றுகொண்டு வெறுங்கையோடு போக எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பெரிய பக்கெற் எடுத்துக் கூடையில் போட்டேன்.

வீட்டில் பிரீசர் மூட மறுத்தது. "ஒரு துண்டு ருசி பாத்ததுக்கு ரெண்டு பக்கெற்றோ?" என்றார் கணவர். "நல்ல காலம், அங்க பிரிட்ஜ் விக்கேல்ல, கதவைத் திறந்து பாத்திருந்தா அதையும் வாங்கியிருப்பீர்."

சிரிப்பு வந்தது. ஆனால் பிறகு வேறு ஒன்று மனதை அரித்தது. கேட்டால் அதற்குப் பதிலாக ஏதாவது செய்தாக வேண்டும் என்பதைத்தானே அன்றைக்கு அவளுக்குக் காட்டியிருக்கிறேன். அவளுக்கு அது விளங்கியிருக்குமா, விளங்கியிருக்காதா. அன்று முழுவதும் அதையே மனதில் போட்டு உருட்டினேன்.

அடுத்த வார இறுதியில் மூவரும் யங் வீதிப் பக்கம் ஒரு சிறிய கொரியச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அங்கே நாம் ஓடர் செய்வதற்கு முன்பே சின்னச் சின்னத் தட்டுகளில் பக்கக் கறிகள் வந்துவிடும். முளைத்த பயறு, முள்ளங்கி, கோவா இலை ஊறுகாய், இனிப்பாக வதக்கிய உருளைக்கிழங்கு. அவற்றுக்குக் காசு இல்லை, முடிந்தால் திரும்பக் கேட்கலாம் என்று படித்திருந்தேன். கேட்காமல் விட்டால் சமைத்தவருக்குத்தான் கவலை என்றும் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அந்தக் கடையைத் தேர்ந்தேன். இதைவிட எளிதான இடம் எனக்குக் கிடைக்காது.

மகளுக்கு உருளைக்கிழங்கு பிடித்துவிட்டது. எங்கள் பிரட்டல் போல உறைப்பு இல்லை, இனிப்பு. சின்னத் தட்டு. விரைவில் முடிந்தது. அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த படத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

"இப்பக் கேளும்" என்றார் கணவர் மெதுவாக.

பரிமாறும் பெண் எங்கள் மேசையைத் தாண்டிப் போனார். நான் கையைப் பாதி தூக்கினேன், வகுப்பில் பெயர் கூப்பிடும்போது தூக்குவது போல. அவர் காணவில்லை. திரும்பி வந்தார். அப்போது அவருடைய கையில் கொதிக்கும் சட்டி. சட்டியோடு போகிறவரை எப்படிக் கூப்பிடுவது.

"யொகியோ எண்டு சொல்லுறதெண்டு பாடமாக்கினீரே."

"கத்தச் சொல்லுறீங்களோ?"

"பக்கத்து மேசையில சொல்லுகினம், கேக்கேல்லயோ? அன்ரி எண்டு கூப்பிடும் அப்ப. எங்கட கடையில கூப்பிடுற மாதிரி."

"நீங்கள் பேசாமல் இருங்கோ, பிள்ளை பாக்குது."

"பிள்ளை பாக்கத்தானே வந்தனாங்கள்."

அவர் சொன்னது சரி. நான் மகளின் பக்கம் குனிந்து, "வீட்டை போய் அம்மா உருளைக்கிழங்கு செய்து தாறன், என்ன?" என்றேன்.

"ஓம்" என்றாள் உடனே. முகத்தில் எந்தக் குறையும் இல்லை. மூன்றரை வயதுப் பிள்ளை ஒன்று இன்னும் வேண்டும் என்று அழ வேண்டும், மேசையில் தட்ட வேண்டும். என் பிள்ளை ஓம் என்றாள், கையை மடியை விட்டு எடுக்காமல்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். கதிரை பின்னால் சத்தமாக இழுபட்டது. "யொகியோ" என்றேன். நாலு மேசைகள் திரும்பிப் பார்த்தன. பரிமாறும் பெண் விரைந்து வந்தார். வெறும் தட்டை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்து, "கம்ஜா தோ ஜூசேயோ" என்றேன். உருளைக்கிழங்கு இன்னும் தாருங்கள். அவர் "நே", சரி, என்று வாங்கிக்கொண்டு போய், முதலில் வைத்ததைவிட நிறைய வைத்துக்கொண்டு வந்தார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. மகள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கேயே முடிந்திருக்கலாம். தட்டை வைத்த பெண் மற்ற வெறும் தட்டுகளைக் காட்டி, இவையும் கொண்டுவரவா என்பதுபோல ஏதோ கேட்டார். என் தண்ணீர்க் குவளையும் வெறுமையாக இருந்தது. எனக்கு உண்மையிலேயே தாகமாக இருந்தது. முளைப்பயறும் பிடித்திருந்தது.

"குவென்சனாயோ" என்றேன், இரண்டு கைகளையும் ஆட்டி. கொரிய மொழியில் நான் அதுவரை பேசியவற்றில் அதுதான் திருத்தமாக வந்தது. அந்தப் பெண் தலையசைத்துவிட்டுப் போனார். அவர் திரும்பக் கேட்பார் என்று என் உடம்பு ஒரு கணம் காத்திருந்தது. திரும்பக் கேட்கவில்லை.

"உங்களுக்குத் தண்ணி வேண்டாமோ?" என்றாள் மகள்.

"வேண்டாம்."

அவள் என் குவளையை எட்டிப் பார்த்தாள். பிறகு உருளைக்கிழங்கில் ஒரு துண்டை மட்டும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை அப்பாவின் பக்கம் தள்ளினாள். "போதும், நோ தாங்யூ."

வீட்டுக்குப் போகும் வழியில் கணவர் ஒரு பகிடியும் விடவில்லை. அது எனக்குக் கூடுதலாக வலித்தது. பிள்ளைக்காகக் கேட்க என்னால் முடிந்தது, எனக்காகக் கேட்க முடியவில்லை என்பதை அவள் கண்டுவிட்டாள். அவளுக்காக யார் கேட்பார். இமோ வீட்டில் நான் இல்லையே.

வேலையில் அரை நாள் லீவு கேட்டேன். அதைக் கேட்கவும் இரண்டு நாள் எடுத்தது, அது வேறு கதை. இமோவிடம் முன்கூட்டியே, மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்து பிள்ளைகளோடு இருக்கலாமா என்று கேட்டேன். அவர் யோசித்தார். "பெற்றோர் வரலாம். ஆனால் நீங்கள் ஊட்டக் கூடாது. மற்றப் பிள்ளைகளும் ஊட்டச் சொல்லுவார்கள்." ஊட்டமாட்டேன் என்று சொன்னேன்.

தாழ்ந்த நீள மேசை. பிள்ளைகள் நிலத்தில் மெத்தையில் இருந்தார்கள். நானும் மகளுக்கு எதிரே முழங்காலை மடித்து இருந்தேன். நடுவில் சோறு, சுருட்டி வெட்டிய முட்டைப் பொரியல், கடற்பாசித் தாள், வெள்ளரிக்காய். இமோ ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு கரண்டி சோறு வைத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும், "சாப்பிட்டீர்களா?" என்றார்.

காலையில் ஒரு தேத்தண்ணி குடித்ததுதான். இப்பதான் சாப்பிட்டனான் என்ற வசனம் எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை" என்றேன். "எனக்குப் பசிக்கிறது."

ஆங்கிலத்தில் சொன்னதே அவ்வளவு கடினமாக இருந்தது. பிறகு கைகளைச் சேர்த்து நீட்டினேன். "பப் ஜோம் ஜூசேயோ."

ஒரு சின்னப் பெண் சிரிக்கத் தொடங்கினாள். "இவளின்ர அம்மா பேபி மாதிரிக் கதைக்கிறா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், இமோவும். மகள் சிரிக்கவில்லை. இமோ என் கிண்ணத்தில் சோற்றைக் குவித்தார். போதும் என்று சொல்ல வந்ததை விழுங்கினேன். "பெரியவர்களை வற்புறுத்தலாம்" என்று இன்னொரு கரண்டி வைத்தார்.

நான் சாப்பிட்டேன். முட்டை முடிந்ததும், இரண்டு கைகளாலும் கிண்ணத்தை நீட்டி இன்னும் கேட்டேன். பிள்ளைகளின் சாப்பாட்டை நான் சாப்பிடுகிறேனே என்று ஒவ்வொரு வாய்க்கும் மனம் சொன்னது. அப்படியிருந்தும் கேட்டேன், வாங்கினேன், மென்றேன். பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லை.

மகளின் கிண்ணம் வெறுமையானது. கைகள் மடிக்குப் போயின. இமோ மற்றவர்களிடம் கேட்பது போலவே, "இன்னும் வேண்டுமா?" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். தலையாட்ட வேண்டும் போல இருந்தது. ஆட்டினால் அது என் அனுமதி ஆகிவிடும். ஆட்டாவிட்டால் அவள் மறுத்துவிடுவாள். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.

"நோ" என்றாள். அதோடு நின்றுவிட்டாள். தாங்யூ வரவில்லை. இமோ கரண்டியோடு காத்து நின்றார். மேசைக்குக் கீழே இருந்து ஒரு கை வந்தது. பிறகு மற்றது. கிண்ணத்தைத் தூக்கி, குனிந்த முகத்தோடு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "ஜூசேயோ" என்றாள்.

எதைத் தர வேண்டும் என்று சொல்லவில்லை. இமோ ஆரவாரம் எதுவும் செய்யாமல் முட்டைத் துண்டு ஒன்றையும் கொஞ்சம் சோற்றையும் வைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். நான் என் கிண்ணத்தைப் பார்த்தபடி சாப்பிட்டேன். பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். மறுபடி குரல் கேட்டது. பிறகும் கேட்டது. கடைசி முறை ஒரு சொல் கூடியிருந்தது, முட்டைக்கு அவர்கள் சொல்லும் சொல். அது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைத் தூக்குவதற்கு முன் அவள் என் முகத்தைப் பார்க்கிறாள் என்பதை மட்டும் நிமிராமலே உணர்ந்தேன்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் அவள் என் பையை அவ்வளவாகத் திறப்பதில்லை. யன்னலால் பார்த்துக்கொண்டு வருவாள். சில நாள் நித்திரையாகிவிடுவாள். மிச்சமான இடியப்பத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பையில் போடுகிறேன். சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன்.

போன கிழமை வாசலில் நின்று இமோவிடம் கேட்டேன், நான் இல்லாத நாட்களிலும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாளா என்று.

"கேட்கிறாள்" என்றார். "நன்றாகச் சாப்பிடுகிறாள். முதலில் நீங்கள் வரும் கதவைப் பார்ப்பாள். பிறகு கேட்பாள்."